மரவள்ளி மாவு வந்த வழி



வீட்டு அலமாரியில் இருக்கிற தக்காளிச் சாஸ் போத்தலை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். தக்காளி, சீனி, உப்பு, காடி என்று வரிசையாகப் போய், ஓர் இடத்தில் 'கஞ்சி' என்று மலாய் மொழியில் போட்டிருக்கும். சிலவற்றில் 'கஞ்சி உபி காயு', சிலவற்றில் 'கஞ்சி ஜாகோங்', இன்னும் சிலவற்றில் 'கஞ்சி தெருபா சுவாய்'. முதலாவது மரவள்ளி மாவு, இரண்டாவது சோள மாவு, மூன்றாவது மாற்றம் செய்யப்பட்ட மாவு. கஞ்சி என்பது நம்முடைய சொல். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்களில் இதுவும் ஒன்று. நம் வீட்டில் அரிசிக் கஞ்சியாக இருந்தது, அங்கே போய் மாவுச்சத்துக்கே பெயராகி, இன்று சாஸ் போத்தலில் ஒட்டிக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது!

"சார், இந்த மாவெல்லாம் கெமிக்கலுன்னு சொல்றாங்களே, பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். நான் மருத்துவன் அல்லன், பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியன். ஆகவே வரலாற்றை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். அந்த வரலாற்றில் நம் பேராக் மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது மகிழ்ச்சியான பங்கு அல்ல.

முதலில் இந்த மாவு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு கரண்டி மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தால் பால்போல வெள்ளையாக இருக்கும். சற்று நேரம் விட்டால் அடியில் தங்கிவிடும். அதையே அடுப்பில் வைத்துக் கிண்டினால் அறுபது எழுபது டிகிரிச் சூட்டில் மாவின் நுண்ணிய மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதிப்போகும். கலங்கலாக இருந்தது கண்ணாடிபோலத் தெளிந்து, கெட்டியாகும். குழம்பு நீர்த்துப் போனால் அம்மா கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றுவதும், சீனர் கடையில் மீனுக்குப் பளபளவென்று குழம்பு செய்வதும், வேட்டிக்குக் கஞ்சி போடுவதும் எல்லாம் ஒரே வித்தைதான்.

மரவள்ளி நம் ஊர்ச் செடி அல்ல. தென் அமெரிக்காவில், பிரேசில் பக்கத்துப் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிர் செய்தது. 'தப்பியோக்கா' என்ற சொல்லே அவர்களில் ஒரு பிரிவினரான தூப்பி மக்களின் மொழியிலிருந்து வந்தது. கிழங்கைப் பிழிந்தால் அடியில் தங்கும் மாவு என்பது அதன் கருத்து. அங்கிருந்து போர்ச்சுக்கீசியர்கள் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டு வந்தார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு இது உதவும் என்று கண்டு அதைப் பரப்பினார். மலையாளிகளுக்குக் கப்பையும் மீனும் கிடைத்த கதை அதுதான்.

மலாயாவுக்கு வந்த கதை வேறு. இங்கே அது முதலில் வியாபாரப் பயிராகவே பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் சீன முதலாளிகள் காட்டை அழித்து ஆயிரமாயிரம் ஏக்கரில் மரவள்ளி நட்டார்கள். மாவாக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். மண்ணின் சத்தைப் பயிர் உறிஞ்சிய பிறகு, அந்த இடத்தை விட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். பிறகு கித்தா வந்தது. நம் கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட கித்தா மரக்கன்றுகளைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றைக்கும் அங்கே நிற்கிறது. விலை ஏறியவுடன் மரவள்ளித் தோட்டங்கள் பல கித்தாத் தோட்டங்களாயின. அதாவது, நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்து பால்வெட்டிய கித்தாக் காடுகளில் சில, அதற்கு முன்னே மரவள்ளிக் காடுகளாக இருந்தவை.

தோட்டத்து மக்கள் மரவள்ளியோடு உண்மையில் வாழ்ந்தது 'ஜப்பான்காரன் காலத்தில்'. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்த மாத இறுதிக்குள் ஈப்போ விழுந்தது. கம்பாரில் மட்டும் ஆண்டு பிறக்கும் வேளையில் நான்கு நாள் கடும்போர் நடந்தது. (இந்தக் கம்பாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.) 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழ, நாடு முழுதும் அவர்கள் கைக்குப் போயிற்று. அக்காலத்தில் மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. கித்தாவை வாங்க ஆளில்லை, ஆகவே கூலியும் இல்லை. பல தோட்டங்களில் கித்தா மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளியும் சக்கரைவள்ளியும் நட்டார்கள். ஆண்கள் பலரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பாதவர் எத்தனையோ பேர். லயத்தில் மிஞ்சியிருந்த பெண்களும் பிள்ளைகளும் மூன்று வேளையும் கிழங்கைத் தின்று உயிர் பிடித்துக் கிடந்தார்கள்.

"காலையில கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்கு மாவு ரொட்டி" என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசிவரை அவர் மரவள்ளியைத் தொடமாட்டார். நாங்கள் தேங்காய்ப்பூ போட்டு ஆசையாகத் தின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வயதினர் வீட்டில் இருந்த பலருக்கும் இது தெரிந்த விஷயமாக இருக்கும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பச்சை மரவள்ளியில் விஷம் இருக்கிறது. கிழங்கை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு பொருள் பிரிந்து சயனைட்டு வெளிப்படும். கசப்பு வகையில் அது கூடுதல், இனிப்பு வகையில் குறைவு. சதையைவிடத் தோலில் அதிகம். ஆனால் அந்த விஷத்தின் பலவீனம் என்னவென்றால், அது தண்ணீரில் கரையும், சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். நம் பாட்டிமார் எந்த ஆய்வுக்கூடத்திலும் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் "தோலை உறிச்சிடு, ஊறப்போடு, மூடி போடாம அவி, அந்தத் தண்ணிய கீழ ஊத்திடு" என்றார்கள். மாவு எடுக்கும்போது துருவித் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டார்கள். ஒவ்வொரு முறை நீரைக் கொட்டும்போதும் விஷமும் வெளியே போயிற்று. இப்படி வந்த வெள்ளை மாவில் பயப்பட எதுவும் மிஞ்சாது. நூறு கிலோ கிழங்கில் சுமார் இருபது, இருபத்தைந்து கிலோ மாவு கிடைக்கும்.

பசி அவசரப்படுத்தும்போதுதான் ஆபத்து வருகிறது. 1981-இல் மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் மழை பொய்த்து, மக்களுக்குக் கசப்பு மரவள்ளி ஒன்றே மிஞ்சியது. ஊறவைத்துக் காயவைக்கக் காத்திருக்க முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், கால்கள் விறைத்து முடமாயின. கிழங்கு அதே கிழங்குதான். அதைப் பக்குவப்படுத்தும் வேலையில் சில நாட்கள் குறைந்துபோயின, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லணும். மாவு வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். வைட்டமின் பி ஒன்றும் இல்லை. ஜப்பான் காலத்தில் கால் வீங்கி, வயிறு உப்பி, புண் ஆறாமல் செத்தவர்களை விஷம் கொல்லவில்லை, சத்துக்குறைவுதான் கொன்றது. இன்றைக்கும் மாவுப் பண்டத்தையும் சீனித் தண்ணியையும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகள் உண்டு. கூட ஒரு முட்டையாவது, கொஞ்சம் பருப்பாவது இருக்கட்டும்.

இதே போர்க்காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தியாவுக்குச் ஜவ்வரிசியும் மரவள்ளி மாவும் போய்க்கொண்டிருந்தது மலாயா, சிங்கப்பூர், ஜாவா பக்கமிருந்துதான். சண்டையில் அது நின்றுபோனது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்து இந்தத் தொழில் நுணுக்கம் அறிந்திருந்த போபட்லால் ஷா என்பவரோடு சேர்ந்து, சேலத்திலேயே மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். முதலில் எல்லாம் கைவேலை. ஈர மாவைக் குலுக்கி மணியாக்கி, சட்டியில் வறுத்து எடுத்தார்கள். உணவுப் பஞ்சம் முற்றியபோது, கிழங்குப் பொருள்களை மாவட்டத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று கலெக்டர் தடை போட்டதும் உண்டு. அதையும் தாண்டித் தொழில் வளர்ந்தது. 1981-இல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நம்மில் பலருடைய முன்னோர் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து இங்கே வந்தார்கள். இங்கிருந்த தொழில் அறிவு அவர்கள் விட்டு வந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் தீபாவளிக்குப் பாயசத்தில் போடும் ஜவ்வரிசிக்குப் பின்னால் இவ்வளவு கதை! அந்தச் சேலத்திலும் பின்னாளில் புகார்கள் எழுந்தன: மணி வெளேரென்று தெரிய வெளுப்பு இரசாயனம் போடுகிறார்கள், மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்று. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் இறங்கிச் சோதனை செய்தார்கள். நல்ல ஜவ்வரிசி பால் வெள்ளையாகத்தான் இருக்கணும் என்று வாங்குகிற நாம் பிடிவாதம் பிடிப்பதும் இதற்கு ஒரு காரணம்.

இனிக் கம்பாருக்கு வருவோம்.

1988 அக்டோபர். சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். அப்போது சைவ உணவு உண்பது அவர்கள் வழக்கம். 'லோ சீ ஃபன்' என்றொரு மீ உண்டு. ஈப்போ பசாரில் பார்த்திருப்பீர்கள். அரிசி மாவில் செய்வது, வெள்ளையாக, குட்டையாக, எலிவால்போல முனை கூராக இருக்கும். அதைச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல், வயிற்றுவலி, பிறகு வலிப்பு, பிறகு மயக்கம். ஈரல் செயலிழந்து 13 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாரும் சீனப் பிள்ளைகள். ஆறு பட்டணங்களில் சிதறிக் கிடந்த வீடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குடும்பங்கள். சுகாதார இலாகாவினர் வீடு வீடாகப் போய் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அந்தப் பட்டணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அவை கம்பாரில் இருந்த ஒரே தொழிற்சாலையின் மீ விநியோகமான வழியில் இருப்பது தெரிந்தது.

முதலில் எல்லாரும் சொன்னது போரிக் அமிலம். வீட்டில் கரப்பான் பூச்சிக்கு வைக்கிறோமே, அந்த வெள்ளைத் தூள்தான். மீ வழுவழுப்பாக, இழுத்தால் அறுந்து போகாமல், இரண்டு நாள் கெடாமல் இருக்க அதைக் கலக்கும் கெட்ட வழக்கம் சிலரிடம் இருந்தது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் ஏற்கெனவே அமலில் இருந்தன. போரிக் அமிலம் உணவில் கூடாத பொருள். ஆனால் இறந்த பிள்ளைகளின் உடல்களைச் சோதித்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. அது அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு. 1991-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று இரண்டு நஞ்சுகளையும் சேர்த்தே பேசியது. 1995-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தச் சாவுகளுக்குக் காரணம் அந்தப் பூஞ்சை நஞ்சுதான் என்று முடிவு சொன்னது.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிந்ததே 1960-இல். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நிலக்கடலை, சோளம், அரிசி, மாவு எதுவானாலும் ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் நாள்பட இருந்தால் அந்தப் பூஞ்சை வரலாம். நம் நாட்டுக் காற்றில் இரண்டுக்கும் குறைவா? சமைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. மரவள்ளி விஷத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுதான். அது கொதிக்கிற தண்ணீரில் போய்விடும். இது கொதித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகையால் "நல்லா வேகவச்சா ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு பூஞ்சை பிடித்த மாவுக்குச் செல்லாது. அப்படிப்பட்டதைக் கோழிக்குக்கூடப் போடாமல் கொட்டிவிடணும்.

அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். நம்மில் சிலருடைய வயது.

மாவின் மீது பழி விழுந்து, பிறகு உண்மை வேறாக இருந்த இன்னொரு சம்பவமும் ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியது. 2005 மார்ச் மாதம், பிலிப்பீன்ஸ் நாட்டில் போஹோல் தீவின் மாபினி என்னும் ஊரில், ஓர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் மரவள்ளிப் பலகாரம் வாங்கித் தின்றார்கள். 27 பிள்ளைகள் இறந்துபோனார்கள். "மரவள்ளி விஷம்" என்று முதலில் உலகமே பேசியது. சோதனையில் தெரிந்தது பூச்சிக்கொல்லி மருந்து. மாவு என்று நினைத்து அந்தத் தூள் பலகாரத்தில் சேர்ந்துவிட்டது.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், மருந்தடிக்கும் வேலை போகவில்லை. மீதி மருந்தை மைலோ டின்னிலும், மினரல் தண்ணீர் போத்தலிலும், பழைய மாவு டப்பாவிலும் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படி மூலையில் வைக்கிற பழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் அரசாங்கம் தடை செய்துவிட்டது உண்மை. மற்றவை இருக்கின்றன. மாபினியில் நடந்ததற்கு ஒரு தொழிற்சாலை தேவைப்படவில்லை.

2013-இல் தைவானில் வந்த கலவரம் வேறு மாதிரி. அங்கே மாவு வியாபாரிகள் சிலர், முத்துப்போல உருட்டித் தேநீரில் போடும் மரவள்ளி உருண்டைகளும் மீயும் நன்றாகச் சவ்வுத்தன்மை பெற வேண்டும் என்பதற்காக, மலேயிக் என்னும் ஆலை இரசாயனம் சேர்த்த மாவை விற்றார்கள். பசை செய்யவும் பிளாஸ்டிக் தொழிலுக்கும் பயன்படும் பொருள் அது, உணவுக்கு அனுமதி இல்லாதது. சிங்கப்பூரிலும் தைவான் பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டன. ஒருவரும் உடனே செத்துவிடவில்லை. ஆனால் சிறுநீரகத்துக்குக் கேடு என்ற பயம் பரவியது. இப்போது நம் ஈப்போ இளைஞர்களும் வரிசையில் நின்று வாங்கும் 'முத்துத் தேநீர்' பிறந்த நாடு அதுதான்.

இனிப் பெற்றோர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சீட்டில் போட்டிருக்கும் 'மாற்றம் செய்யப்பட்ட மாவு' இந்த மலேயிக் மாவா என்றால், அல்ல. சாதாரண மாவுக்கு ஒரு குறை உண்டு. புளிப்புப் பட்டால், வெகுநேரம் கொதித்தால், உறையவைத்து எடுத்தால், கெட்டித்தன்மை உடைந்து தண்ணீர் விட்டுவிடும். சாஸ், தயிர், டின் உணவு செய்வோருக்கு அது ஆகாது. ஆகவே அனுமதிக்கப்பட்ட முறைகளில், குறிப்பிட்ட அளவுக்குள், மாவைக் கொஞ்சம் பதப்படுத்துகிறார்கள். அவற்றுக்கு 1404, 1412, 1414, 1422, 1442 என்றெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, இவற்றுக்குத் தினசரி இவ்வளவுதான் என்று எல்லை வகுக்கத் தேவையில்லை என்றது. 2017-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட 12 வகைகளை மறுபடி ஆராய்ந்து, அதே கருத்துக்குத்தான் வந்தது. ஆகவே எண்ணைப் பார்த்து நடுங்க வேண்டாம். என் பயமெல்லாம் எண்ணே இல்லாத பண்டங்களைப் பற்றியதுதான். பொட்டலத்தில் பேர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. பள்ளி வாசலில் ஐம்பது காசுக்கு விற்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு சிறு மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, அம்மா முன்னிலையில் துருவுங்கள். பச்சையாக வாயில் வைக்கக் கூடாது. தண்ணீரில் கலக்கி மெல்லிய துணியில் வடித்து, கண்ணாடிக் குவளையில் அரைமணி நேரம் வையுங்கள். அடியில் வெள்ளைப் படிவு தெரியும். தூப்பி மக்கள் சொன்ன 'தப்பியோக்கா' அதுதான். அதன்மேல் அயோடின் இரண்டு சொட்டு விட்டால் கருநீலமாக மாறும். சாஸிலும், கடை மீயிலும், குவேயிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். அயோடின் மாவைக் காட்டும். போரிக் அமிலத்தையும் பூஞ்சை நஞ்சையும் அது காட்டாது. அதைக் கண்டுபிடிக்க ஈப்போவில் அரசாங்க இரசாயன இலாகா இருக்கிறது. சந்தேகமான பண்டத்தைத் தூக்கி எறியாமல், பொட்டலத்தோடு ஒரு பையில் கட்டி, வாங்கிய கடையின் பேரையும் நாளையும் எழுதி வைத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள்.